நெட்டை கீழே இறங்கிய விதம்

பெரிய உலையின் உச்சியில் வேலை பார்த்துக்கொண்டிருந்த நெட்டை, ஒரு செவ்வாய்க்கிழமை பிற்பகலில் புகையோடு சேர்ந்து மேலே போனான். விபத்து என்று சொல்ல முடியாது. பக்கத்தில் நின்ற இருவரும் ஒரே மாதிரிதான் சொன்னார்கள்: நாற்காலியில் நெடுநேரம் உட்கார்ந்திருந்தவன் எழுந்திருப்பதுபோல ஒரு காலைத் தூக்கினான், அடுத்த காலையும் தூக்கினான், பிறகு இரண்டையும் கீழே வைக்கவில்லை. தலைக்கவசம் மட்டும் கழன்று விழுந்தது. கம்பெனிச் சொத்து கம்பெனியிலேயே தங்கிவிட்டதால் அந்த வகையில் சிக்கல் எழவில்லை. அன்று மாலை காற்று திரும்பி, புகை குவார்ட்டர்ஸ் பக்கம் சாய்ந்தபோது, அவன் மனைவி கொடியில் உலர்த்தியிருந்த வெள்ளை விரிப்பின்மேல் கரி படிந்தது. எல்லார் வீட்டுத் துணியிலும்தான் படிந்தது. அந்த விரிப்பில் மட்டும் அது நெட்டையின் உருவத்தில் படிந்தது: சற்றே முன்னால் வளைந்த தோள்கள், ஒரு பக்கம் மடங்கிய காலர், மேலிருந்து இரண்டாவது பொத்தான் இல்லாத சட்டை. முழங்காலுக்குக் கீழே விரிப்பு போதவில்லை.

முதலில் பார்த்தவள் எதிர்வீட்டு அக்கா. பதற்றத்தில் வாய்க்கு வந்ததைச் சொல்வது அவள் வழக்கம். "இங்க வா, உன் வீட்டுக்காரர் வந்திருக்காரு. ஷூவோட வந்தாரா இல்லையான்னு தெரியல, காலையே காணோம்" என்று கூப்பிட்டாள். மனைவி வந்து நின்றாள். அப்போது அவளுக்கு ஐந்தாம் மாதம். விரிப்பைத் தொடாமல், அதன் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு, வெளிச்சம் போகும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள். அதன் பிறகுதான் பிரச்சினை புரிந்தது. வீட்டில் இருந்தது அந்த ஒரு வெள்ளை விரிப்புதான். இதைத் துவைக்காமல் வைத்துக்கொண்டால் நாளை அவன் எதில் வருவான்? எனவே துவைத்தாள். துவைக்கும்போது அழுதாள் என்றும், இல்லை, கண்ணில் சோப்பு பட்டது என்றும் குவார்ட்டர்ஸில் இரண்டு கருத்து உண்டு. மறுநாள் அதே நேரத்தில் அவன் மறுபடி வந்தான். அதற்கு மறுநாளும் வந்தான். அந்த மாதக் கடைசியில் அவள் இன்னொரு விரிப்பு வாங்கி, இரண்டையும் நீளவாக்கில் சேர்த்துத் தைத்தாள். அன்றுதான் அவன் கால்கள் தரைக்கு வந்தன. ஷூவோடுதான் வந்திருந்தான்.

இதை எந்த வகையில் சேர்ப்பது என்று கம்பெனிக்குத் தெரியவில்லை. உலை உச்சிக்குப் போகிற எவரும், கீழ்வாசலில் இருக்கும் பலகையில் தன் எண் பொறித்த பித்தளை டோக்கனை ஆணியில் மாட்டிவிட்டுத்தான் ஏற வேண்டும். இறங்கியதும் அவரே அதைக் கழற்றி, தன் எண்ணைச் சொல்லி, "இறங்கியாச்சு" என்று உரக்கக் கூவ வேண்டும். மேலே இருப்பது விஷவாயு. யார் மேலே, யார் கீழே என்று ஒரே பார்வையில் தெரிவதற்கான ஏற்பாடு இது. பலகையில் ஒரு டோக்கன் தொங்கினாலும் உலையை நிறுத்தும் வால்வை யாரும் தொடமாட்டார்கள். ஒருவர் டோக்கனை இன்னொருவர் கழற்றமாட்டார். கழற்ற முடியாதபடி ஆகிவிட்டவருக்காக அவர் வீட்டார் வந்து கழற்றலாம், அவ்வளவுதான். நெட்டையின் டோக்கன் ஆணியிலேயே இருந்தது. ஆகவே அவன் பணியில் இருக்கிறான், உச்சியில் இருக்கிறான் என்று முடிவாயிற்று. உலையைப் பற்றவைத்து அப்போது இரண்டு மாதம்கூட ஆகவில்லை. அந்த மாதிரி உலையை ஒரு முறை பற்றவைத்தால் பதினைந்து, இருபது ஆண்டுகள் இரவு பகலாக எரியும். நடுவில் அணைக்கிற பேச்சே இல்லை. டோக்கன் தொங்குவதால் யாருக்கும் ஒரு தொந்தரவும் இல்லை.

குழந்தை பிறந்து ஓராண்டு கழித்து மனைவி வேலை கேட்டுப் போனாள். இறந்தவர் குடும்பத்துக்குத்தான் வேலை தரும் விதி இருந்தது. மேலே போனவர் குடும்பத்துக்கு இல்லை. மேலாளர் கனிவானவர். உட்காரச் சொல்லி, அலுவலகத்தில் ஏதாவது ஒரு மூலையில் போடுகிறேன் என்றார். அவள், "மூலை வேண்டாம் சார். இங்க இருக்கிறதுலயே உயரமான வேலை எதுவோ அதைக் குடுங்க" என்றாள். அப்படித்தான் அவள் கிரேன்காரி ஆனாள். கூரைக்கு அடியில் ஓடும் பாலத்தில், கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து, கொதிக்கும் இரும்பு நிரம்பிய தொட்டிகளை ஒரு சொட்டு சிந்தாமல் நகர்த்தக் கற்றுக்கொண்டாள். கூரையில் ஒரு தகடு பெயர்ந்திருந்த இடத்தில் வானம் கையகலம் தெரியும். தொட்டி இறங்க நேரமாகும்போதெல்லாம் கூண்டை அந்த இடத்துக்கு நேராகக் கொண்டுபோய் நிறுத்தி அண்ணாந்து பார்ப்பாள். கீழே நிற்பவர்கள் விசில் அடித்துக் கூப்பிட வேண்டியிருக்கும்.

மகளுக்கு இழுப்பு இருந்தது. மாலையில் காற்று திரும்பியதும் அந்தச் சின்ன நெஞ்சு உள்ளே குழிந்து, குழலில் ஊதுவதுபோல ஒரு சத்தம் வரும். மருத்துவர் சொல்லித்தான் தெரிய வேண்டும் என்றில்லை. அப்பா வந்தால் மகளுக்கு மூச்சு வராது என்பது எல்லாருக்கும் தெரிந்த விஷயமாக இருந்தது. எனவே அவன் வரும் நேரத்தில் சன்னல்களைச் சாத்தி, இடுக்குகளில் ஈரத்துணி செருகி, மகளைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஸ்டூலில் உட்காரவைப்பாள். அங்கிருந்து பார்த்தால் முற்றத்துச் சுவர் குறுக்கே வரும். நெட்டையின் மார்புக்கு மேலேதான் தெரியும். மகள் கண்ணாடியில் மூக்கை வைத்து அழுத்திக்கொண்டு, "அப்பா ஏன் உள்ள வரமாட்டேங்கிறாரு?" என்று கேட்பாள். "கரியோட வந்தா அம்மா திட்டுவேன்ல" என்பாள் கிரேன்காரி. மகள் அதை நம்பினாள். எட்டு வயதில், ஒரு வாரம் முழுக்க உதடு நீலமாகவே இருந்த பிறகு, அவளைக் கடல்காற்று வீசும் வேறொரு ஊரில் சித்தி வீட்டில் கொண்டுபோய் விட்டார்கள். சித்தி, "நீயும் இங்கேயே வந்துடேன்கா. அங்க என்ன இருக்கு?" என்றாள். கிரேன்காரி எழுந்து பையை எடுத்துக்கொண்டாள். மாலைக்குள் திரும்பினால்தான் விரிப்பைக் கட்ட முடியும் என்று மத்தியான ரயிலுக்கே கிளம்பிவிட்டாள். ரயிலில் வழி நெடுகிலும், போகும்போது மகள் உட்கார்ந்திருந்த பக்கத்து இடத்தில் யாரையும் உட்கார விடவில்லை.

இதற்கிடையில் கம்பெனி புகையைக் குறைக்க ஆரம்பித்திருந்தது. உலகம் முழுக்க அந்தப் பேச்சு வந்துவிட்டது; வாங்குபவர்களே கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். முதலில் வடிகட்டிப் பைகள் வந்தன. ஆள் உயரத்துக்கு மூன்று மடங்கு நீளமான துணிப்பைகள் ஒரு கட்டடம் முழுக்கத் தொங்கின. புகை அவற்றின் வழியாகத்தான் வெளியேற வேண்டும். அன்றிலிருந்து விரிப்பு வெள்ளையாகவே இருந்தது. கிரேன்காரி இரண்டு நாள் பொறுத்தாள். மூன்றாம் நாள் ஷிப்ட் முடிந்து நேராகப் பைக் கட்டடத்துக்குப் போய், பைகளை உலுக்கும் ஆளிடம் முறையிட்டாள். அவன் தலையைச் சொறிந்தான். "அக்கா, எல்லாம் ஒரே தூசி. இதுல உங்க வீட்டுக்காரர் எதுன்னு நான் எப்படிப் பிரிக்கிறது?" பைகளுக்கு அடியில் தூசி விழும் குழிக்குள் அவள் கையை விட்டுத் துழாவினாள். முழங்கை ஒன்று தட்டுப்பட்டதாகச் சொன்னாள். கைக்கு அகப்பட்டதையெல்லாம் ஒரு காய்கறிப் பையில் வாரிக்கொண்டு வந்து மொட்டைமாடியிலிருந்து ஊதிவிட்டாள். அன்று மாலை நெட்டை வந்தான். ஆனால் இடுப்புப் பட்டை, ஷூ, சட்டைக் காலர் எதுவும் இல்லை. பெரிய துகளெல்லாம் வடிகட்டிப் பையில் தங்கிவிட, நுண்ணியது மட்டுமே தப்பி வந்தது. அதற்குப் பிறகு, வழி தெரிந்துவிட்டதோ என்னவோ, அவள் ஊதிவிடாமலேயே அவன் அப்படித்தான் வந்தான்: பட்டும் படாமலும், பென்சிலால் வரைந்து அழித்த மாதிரி. அதே சமயம், முன்பு ஒருபோதும் தெரியாத அவன் கண்ணிமை மயிர்கள் இப்போது ஒவ்வொன்றாகத் தெரிந்தன. அவள் அதைப் பெரிய லாபமாக எடுத்துக்கொண்டாள்.

பிறகு, நிலக்கரியில் ஒரு பங்கைக் குறைத்துவிட்டு மரக்கரி போட்டுப் பார்த்தார்கள். அந்தப் பருவம் முழுக்க விரிப்பில் காட்டு வாசனை வந்தது. நெட்டை கல்யாணத்துக்கு முந்தைய வயதில் வந்தான், மீசைகூடச் சரியாக வளர்ந்திருக்கவில்லை. எதிர்வீட்டு அக்கா, "உனக்கென்னம்மா, எங்களுக்கெல்லாம் கிழடு தட்டிப்போச்சு, உனக்கு மட்டும் புது மாப்பிள்ளை" என்றாள். கிரேன்காரி வெட்கப்பட்டாள் என்பது உண்மை. அதற்கடுத்து, வெளியேறும் வாயுவைப் பிடித்துத் திரும்ப எரித்து மின்சாரம் எடுத்தார்கள். ஒரே புகையிடம் இரண்டு வேலை வாங்கியதால் அவன் தாமதமாக, இரண்டு ஷிப்ட் பார்த்தவனைப்போலக் கண்ணுக்கடியில் கருவளையத்தோடு வந்தான். வந்த வேகத்தில் கலைந்தான். பிறகு, புகையைக் குழாயில் அடைத்துப் பூமிக்கடியில் பாறைக்குள் இறக்கிவிடலாம் என்று ஒரு திட்டம் வந்தது. அதைக் கேட்டதும் கிரேன்காரி முதன்முறையாகக் கிரேனைப் பாதியில் நிறுத்திவிட்டு இறங்கி வந்தாள். மேலாளர் அறைக் கதவைத் தட்டாமல் திறந்து, "டோக்கன் தொங்குற மனுஷனை உயிரோட புதைக்கிறதா சார்?" என்று கேட்டாள். அந்தத் திட்டம் கைவிடப்பட்டது. பாறை சரியில்லை என்று காரணம் சொன்னார்கள். அவளுக்காகக் கைவிட்டார்களா, பாறைக்காகவா என்று இன்றுவரை உறுதியாகச் சொல்ல ஆளில்லை.

மகளுக்குப் பதினேழு முடியும்போது பெரிய உலையின் ஆயுளும் முடிந்தது. உட்சுவர் தேய்ந்து, வெளித்தகடு அங்கங்கே சிவக்க ஆரம்பித்தது. அணைத்தே ஆக வேண்டும். உட்சுவரைப் புதிதாகக் கட்டி மறுபடி நிலக்கரியால் பற்றவைத்தால் இன்னும் இருபது ஆண்டுக்குப் புகை. இல்லாவிட்டால் பக்கத்தில் எழும்பிக்கொண்டிருக்கும் புது ஆலை: ஹைட்ரஜனை ஊதித் தாதுவை இரும்பாக்கி, மின்சார உலையில் உருக்குவது. கம்பெனி இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தது. அதற்காக ஒரு எஞ்சினியர் வந்தார். சின்ன வயது, நெற்றியில் எப்போதும் வியர்வை. புது ஆலையிலிருந்து வெளியேறப்போவது தண்ணீர் ஆவி மட்டுமே என்று வந்த முதல் நாளே சொன்னதால் அவருக்குத் 'தண்ணி சார்' என்ற பெயர் நிலைத்தது. காபியைத் தவிர வேறெதுவும் குடிக்காத மனிதர். பெயரைக் கேட்டுவிட்டு அவருக்குப் பெண் தர யோசித்தார்கள் என்று ஒரு பேச்சு உண்டு.

எல்லாம் தயார். ஆனால் பலகையில் ஒரு டோக்கன் தொங்கியது. வால்வுக்குப் பொறுப்பானவர்கள் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். "விதியை நாங்க எழுதல சார். ஆள் மேல இருக்கான்" என்றார்கள். தண்ணி சார் பலகையின் முன்னால் நின்று, புகையை அண்ணாந்து பார்த்து, மறுபடி பலகையைப் பார்த்து, இதற்குத் தன் படிப்பில் எதுவும் இல்லை என்று ஒப்புக்கொண்டார். பேச்சு கிரேன்காரியின் வீட்டு வாசலுக்கு வந்தது. நிலக்கரி இறக்குபவர்கள் வந்து, தாயே கழற்றாதே, எங்கள் பிழைப்பு போய்விடும் என்றார்கள். அவர்களுக்குப் புது ஆலையில் வேலை உண்டு என்று தண்ணி சார் எழுதிக்கொடுத்த பிறகு, கழற்றினாலும் பரவாயில்லை என்றார்கள். குழந்தைகளுக்கு இழுப்பு இருந்த நாலைந்து தாய்மார்கள் வந்து எதுவும் சொல்லாமல் உட்கார்ந்திருந்துவிட்டுப் போனார்கள். அதுதான் அவளை அதிகம் தொந்தரவு செய்தது. ஞாயிற்றுக்கிழமை மகள் போன் செய்தாள். "அம்மா, நான் ஒண்ணும் சொல்லல" என்றாள். "சொல்லாம இருக்கிறதுக்கா போன் பண்ணின?" என்றாள் கிரேன்காரி. கொஞ்ச நேரம் இரண்டு பக்கமும் மூச்சு மட்டும் கேட்டது. மகளின் மூச்சு சீராக இருந்தது. அந்த மூச்சைத் தன் வீட்டில், பக்கத்துப் பாயில் கேட்டு எத்தனை காலமாயிற்று என்று அவளுக்குத் தோன்றியது. போனை வைத்துவிட்டு வெளியே வந்தால், கொடியில் நெட்டை நின்றிருந்தான், இமை மயிர்களோடு.

புது ஆலைக்குப் போக வேண்டியவர்களுக்குக் கம்பெனிப் பள்ளியில் மாலை வகுப்பு நடந்தது. கிரேன்காரி விரிப்பைக் கட்டிவிட்டு, அவன் வந்து கலைந்த பிறகு, கடைசி ஆளாகப் போய்க் கடைசி பெஞ்சில் உட்காருவாள். தாது என்பது இரும்பும் ஆக்சிஜனும் கட்டிப்பிடித்துக்கொண்டு இருப்பது என்று தண்ணி சார் விளக்கினார். கார்பன் உள்ளே போய் அந்த ஆக்சிஜனை இழுத்துக்கொண்டு ஓடிவிடுகிறது, மிச்சம் இரும்பு, ஓடிப்போன ஜோடிதான் புகை. "அடப்பாவி, காதல் கல்யாணமா?" என்றான் முன்பெஞ்சில் இருந்த வெல்டர். ஒரு டன் எஃகுக்கு ஏறக்குறைய இரண்டு டன் புகை என்று தண்ணி சார் கரும்பலகையில் எழுதியதும், "அப்போ நாம நடத்துறது புகைக் கம்பெனி சார். எஃகு நமக்கு உபதொழில்" என்றான். வகுப்பு சிரித்து ஓய்ந்ததும் கிரேன்காரி கையைத் தூக்கினாள்.

"மேல போனது எவ்வளவு நாள் சார் மேலேயே இருக்கும்?"

"நூத்துக்கணக்கான வருஷம் இருக்கும்மா. அதான் பெரிய கொடுமையே."

"அவ்வளவு நாளா!" என்றாள் அவள். அவள் முகம் மலர்ந்ததைப் பார்த்துத் தண்ணி சாருக்குச் சாக்பீஸ் கைநழுவியது. பிறகு அவரே, விஷயம் தெரிந்தவர் என்பதால், மெதுவாகச் சொன்னார். "இருக்கும். ஆனா கண்ணுக்குத் தெரியாதும்மா. உங்க துணியில படியறது வெறும் கரித்தூள். நிலக்கரி நின்னா அது நின்னுடும். மேல இருக்கிறது மேலேயே இருக்கும். இறங்கி வராது."

அவள் உட்கார்ந்துவிட்டாள். அவர் பாடத்தைத் தொடர்ந்தார். ஹைட்ரஜனால் எடுத்த இரும்பில் கார்பன் அறவே இருக்காது, அது மிருதுவானது, வளைந்துகொடுத்துவிடும், எதையும் தாங்காது. அதனால் உருக்கும்போது துளி கார்பன் சேர்க்க வேண்டும், நூறில் ஒரு பங்குகூட வேண்டாம், அதிலும் கொஞ்சம் போதும் என்றார். கடைசி பெஞ்சிலிருந்து மறுபடி கை உயர்ந்தது.

"அந்தக் கார்பன் ஓடிப்போகாதா சார்?"

"போகாது. இரும்புக்குள்ளேயே தங்கிடும். தங்கினாத்தான் எஃகு."

மறுநாள் காலை, ஷிப்டுக்கு முன்னால், கிரேன்காரி கீழ்வாசல் பலகைக்குப் போனாள். காவலுக்கு இருந்தவர் எழுந்து நின்றார். "கழட்டினா திரும்ப மாட்ட முடியாது. தெரியும்லம்மா?" என்றார். தெரியும் என்று தலையசைத்தாள். ஆணி துருப்பிடித்து டோக்கனோடு ஒட்டிக்கொண்டிருந்தது. அவள் இழுத்தபோது ஆணியும் சேர்ந்து வந்தது. பலகையில் அந்த இடத்தில் மட்டும் பழைய பச்சை வண்ணம் வட்டமாகப் புதிதாக இருந்தது. இனி கூவ வேண்டும். வால்வுக்காரர்கள் படியில் காத்துக்கொண்டிருந்தார்கள். அவன் எண்ணைச் சொன்னாள். அதற்கடுத்த சொல் வரவில்லை. இறங்காத மனிதனை இறங்கிவிட்டான் என்று எப்படிச் சொல்வது? வால்வுக்காரர்கள் தலைக்கவசத்தைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்கள், அவசரப்படுத்தவில்லை. கடைசியில், "இறங்கிடுவாரு" என்று கூவினாள். அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அது போதும் என்று வால்வைத் திருப்பப் போனார்கள்.

அவ்வளவு பெரிய உலை உடனே அணைந்துவிடாது. அன்று முழுக்கப் புகைந்தது. செய்தி கேட்டு மகள் மத்தியான ரயிலில் வந்து இறங்கினாள், மூக்கையும் வாயையும் மூடிக்கட்டிக்கொண்டு. கிரேன்காரி பெட்டியிலிருந்து புது விரிப்புகள் இரண்டை எடுத்துச் சேர்த்துத் தைத்துக் கட்டினாள். அணையும் நேரத்துப் புகை என்பதால் பைகளை மீறி வந்தது. நெட்டை பல ஆண்டுகளுக்குப் பிறகு முழுதாக வந்தான்: காலர், இடுப்புப் பட்டை, ஷூ, எல்லாவற்றோடும் அந்த இமைகளோடும். மகள் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்றிருந்தாள். பிறகு மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு கதவைத் திறந்து முற்றத்துக்கு வந்து அவன் முன்னால் நின்றாள். மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். அவள் தலை அவன் நெஞ்சுக்குத்தான் வந்தது. மூச்சு முட்டி உள்ளே ஓடிப் போய்க் கதவைச் சாத்திய பிறகு, கண்ணாடி வழியாக, "இவ்வளவு நெட்டையாம்மா?" என்றாள். அன்று விரிப்பைத் துவைக்கவில்லை.

மறுநாள் வானம் சுத்தமாக இருந்தது. அடுத்த நாளும் அப்படியே. ஒரு மழை பெய்த பிறகு குவார்ட்டர்ஸ் சுவர்கள் மஞ்சள் என்று தெரிந்தது. சாம்பல் நிறம் என்று நினைத்து அதற்கேற்ற திரைச்சீலை வாங்கியவர்களுக்குக் கொஞ்சம் வருத்தம். காற்றைத் திட்ட வழியில்லாமல் போனதால் கொடிக்கயிற்றின் எல்லையைப் பற்றிப் பெண்கள் சண்டை போட்டுக்கொண்டார்கள். மகள் சித்தி வீட்டிலிருந்து பெட்டி படுக்கையோடு வந்துவிட்டாள். சன்னல்களைத் திறந்து வைத்துத் தூங்கினாள். கிரேன்காரி பக்கத்தில் படுத்து அந்த மூச்சைக் கேட்டாள். குழல் சத்தம் இல்லை. இது கிடைத்ததே என்று இருந்தது. கிடைத்த இதைச் சொல்வதற்கு ஆளில்லையே என்றும் இருந்தது. மாலையில் கை தானாக ஒரு விரிப்பை எடுத்துக் கொடியில் கட்டியது. அது கட்டிய மாதிரியே, வெள்ளையாக, காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. புது ஆலை சோதனை ஓட்டம் தொடங்கியதும் எதிர்வீட்டு அக்கா ஒரு யோசனை சொன்னாள். "இப்ப ஆவிதானே வருது? ஒருவேளை ஈரமா வருவாரோ என்னவோ, கட்டிப் பாரேன்." புது ஆலை வேலிக்குப் பக்கத்தில் கொண்டுபோய்க் கட்டிப் பார்த்தார்கள். விரிப்பு நனைந்தது. ஒரே சீராக, மூலைக்கு மூலை நனைந்தது. ஈரம் ஈரமாக மட்டுமே இருந்தது. அக்கா அதைப் பிழிந்து கொடுத்துவிட்டு, "நான் ஒரு கிறுக்கச்சி" என்றாள்.

மடித்து வைத்த கடைசி விரிப்பைக் கிரேன்காரி அடிக்கடி திறந்து பார்க்காமல் இருந்திருக்கலாம். ஒவ்வொரு முறை பிரிக்கும்போதும் கொஞ்சம் கொட்டியது. முதலில் போனவை இமை மயிர்கள். பிறகு ஒரு காது. புது மின்சார உலையில் முதல் உருக்கு என்று நாள் குறித்ததும் அவள் விரிப்பைப் பைக்குள் வைத்தாள். மகள் வாசலில் குறுக்கே நின்றாள். "வேண்டாம்மா. இருக்கிறது இது ஒண்ணுதான். பீரோல வச்சுக்கலாம்."

"பீரோவுல எவ்வளவு நாள் வைப்ப? கடைசியில வெறும் துணிதான் மிஞ்சும்."

"அதுக்காக நெருப்புலயா போடுவாங்க?"

கிரேன்காரி செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாள். "வேலைக்குப் போன மனுஷன்டி. வேலை முடிச்சுட்டு வரட்டும்."

அன்று பழைய இரும்பும் புது இரும்பும் நிரப்பிய தொட்டி தரையில் தயாராக நின்றது. அவள் கூண்டில் ஏறுவதற்கு முன்னால் தொட்டியின் பக்கத்தில் போய், எல்லாரும் பார்க்க, பையைத் திறந்தாள். தண்ணி சார் ஓடி வந்தார். முதல் உருக்கு, பார்வையாளர்கள் வந்திருந்தார்கள், அவர் நெற்றி வழக்கத்தைவிட அதிகமாக வியர்த்திருந்தது. "என்னம்மா அது?" என்றார். "எங்க வீட்டுக்காரர்" என்றாள். அவர் மடித்த துணியைப் பார்த்தார், தொட்டியைப் பார்த்தார், ஒதுங்கி வழிவிட்டார். அவள் விரிப்பை, மடிப்பு கலையாமல், இரும்புத் துண்டுகளுக்கு நடுவே தலை மேல்பக்கம் இருக்கும்படி வைத்தாள். பிறகு ஏறிப் போய்த் தொட்டியைத் தூக்கினாள். அந்தத் தொட்டியை அவள் நகர்த்திய விதத்தை இன்றும் சொல்வார்கள்; தூங்கும் குழந்தையை ஒரு மடியிலிருந்து இன்னொரு மடிக்கு மாற்றுவது போலிருந்ததாம். உருகியதும் மாதிரி எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். கார்பன் தூளை ஊதத் தயாராக நின்றவனைத் தண்ணி சார் கைகாட்டி நிறுத்தினார். தேவையான கார்பன் ஏற்கெனவே இருந்தது, கூடவும் இல்லை, குறையவும் இல்லை. ஒரு விரிப்பில் அவ்வளவு இருக்க முடியாது என்று அவருக்குத் தெரியும். மறுபடி சோதிக்கச் சொன்னார். மறுபடி அதே அளவுதான் வந்தது. ஊதுகுழலை எடுத்து ஓரமாக வைக்கச் சொல்லிவிட்டு, உலையைச் சாய்க்கச் சொன்னார்.

இது வரைக்கும் கிரேன்காரி யோசித்திருந்தாள். இதற்கு மேல் யோசிக்கவில்லை. அங்கேதான் தவறு நடந்தது. ஓர் உருக்கு என்பது ஒரு பொருள் என்று அவள் நினைத்திருந்தாள். அது கம்பியாக, குழாயாக, தகடாக ஆயிரம் துண்டாகிறது என்பது, இத்தனை ஆண்டு அதையே தூக்கி நகர்த்தியவளுக்கு அந்த நேரத்தில் தோன்றாமல் போயிற்று. சரக்கு ஏற்றும் முற்றத்துக்குப் போனபோது லாரிகளில் பாதி கிளம்பியிருந்தன. "எந்த ஊருக்குப் போகுது தம்பி?" என்று கேட்டாள். "எல்லா ஊருக்கும்தான்கா" என்றான் லாரிகளை அனுப்புபவன். அவள் அங்கேயே ஒரு தகட்டுக் கட்டின்மேல் உட்கார்ந்துவிட்டாள். புகையில் இருந்தவரைக்கும் அவன் ஒரே ஆளாக இருந்தான். ஒரே வீட்டுக்கு வந்தான்.

மாதங்கள் கழித்து, திரும்பி வந்த ஓட்டுநர்கள் வழியாகச் செய்திகள் வரத் தொடங்கின. எங்கோ ஒரு மருத்துவமனையில் ஒரு கட்டிலில் படுப்பவர்கள் மட்டும் நன்றாகத் தூங்குகிறார்களாம். எங்கோ ஒரு பேருந்து நிறுத்தத்து இருக்கையில் உட்கார்ந்தவர்கள் எழுந்திருக்க மனமில்லாமல் பேருந்தை விட்டுவிடுகிறார்களாம். மலைச்சாலை ஒன்றின் ஓரத்தடுப்பில் குளிர்காலத்தில் பனி தங்குவதில்லையாம். கிரேன்காரி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். அந்தக் கட்டில் என்ன நிறம், அந்த இருக்கை எவ்வளவு நீளம் என்று விசாரித்தாள். எதிர்வீட்டு அக்கா, "ஊரெல்லாம் சுத்துறாரு, வீட்டை மட்டும் மறந்துட்டாரு பாரு" என்று சொல்லிவிட்டு, அவள் முகத்தைப் பார்த்து நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

குவார்ட்டர்ஸுக்கும் புது ஆலைக்கும் நடுவில் ரயில் பாதைகளின் மேல் ஒரு நடைபாலம் கட்டினார்கள். கிரேன்காரி அதன்மேல்தான் தினமும் போய் வந்தாள், வேலைக் கையுறையோடு. மகளும் ஆலைச் சோதனைக்கூடத்தில் பயிற்சிக்குச் சேர்ந்த வாரத்தில், பனி மூடிய ஒரு காலையில் இருவரும் சேர்ந்து போனார்கள். பாதிப் பாலத்தில் மகள் நின்றுவிட்டாள். "அம்மா, இந்தக் கைப்பிடி சூடா இருக்கு."

"வெயில் பட்டிருக்கும். வா, நேரமாச்சு."

"வெயிலே வரலையேம்மா."

கிரேன்காரி கையுறையைக் கழற்றினாள். வலது பக்கக் குழாய் வெதுவெதுப்பாக இருந்தது, காய்ச்சல் இல்லாத உடம்பு இருக்கும் அளவுக்கு. வழக்கமான கைப்பிடியைவிட அது நான்கு விரற்கடை உயரத்தில் இருந்தது. அளவில் ஏதோ பிசகு, மாற்ற வேண்டும் என்று வெல்டர் அதுவரை சொல்லிக்கொண்டிருந்தான். அவ்வளவு உயரமான ஒருவன் பக்கத்தில் நடக்கும்போது அவன் முழங்கையைப் பிடிக்க எவ்வளவு கையைத் தூக்க வேண்டுமோ, அவ்வளவு தூக்கி அவள் அதைப் பிடித்தாள். பிடித்தபடியே மறுகோடிவரை நடந்தாள். அங்கே குழாய் முடிந்தது. ஷிப்ட் சங்கு ஊதியது. மகள் பின்னால் வந்து, அம்மாவின் கை இருந்த இடத்தில் தன் கையை வைத்துக்கொண்டு நின்றாள். அவளுக்கு மூச்சு சீராக இருந்தது.

அளவை யாரும் மாற்றவில்லை. பாலத்துக்கு வண்ணம் அடிக்க வந்தவர்கள் வலது குழாயை விட்டுவிட்டு மற்றதை அடித்தார்கள். காலை ஷிப்டுக்குப் போகிறவர்கள் வலது ஓரமாகவே வரிசையாக நடப்பார்கள். முன்னால் கிரேன்காரி மெதுவாகப் போனால் பின்னால் வருபவர்கள் முந்தமாட்டார்கள். விடுமுறை நாளில்கூட அவள், ஆலையில் ஏதோ மறந்து வைத்துவிட்டதாகச் சொல்லிக்கொண்டு கிளம்புவாள். என்ன என்று மகள் கேட்பதில்லை. பாலத்தைக் கடக்க அதிக நேரம் ஆகாது. அவள் போய், திரும்பி, மறுபடி போவாள். இடது பக்கக் குழாய் எல்லாப் பாலங்களின் கைப்பிடியையும் போலக் குளிர்ந்தே இருக்கிறது. அதைப் பற்றி யாரிடமிருந்தும் இதுவரை புகார் வரவில்லை.